ஜவ்வு விலகிய முதுகோடு தாம்பத்தியம்: ஒருக்களித்துப் படுக்கும் நிலைகளுக்கு ஒரு வழிகாட்டி

20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கிய ஒரு காலையில் என் கீழ்முதுகில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு விலகியது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4-எல்5, அதாவது கீழ்முதுகின் 4ஆம், 5ஆம் எலும்புகளுக்கு இடையில், என்று வந்தது. எதைத் தூக்கக் கூடாது, எப்படி உட்கார வேண்டும், எத்தனை நாள் கழித்து வண்டி ஓட்டலாம் என்பதையெல்லாம் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். கணவனும் மனைவியும் எப்போது, எப்படிச் சேரலாம் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியால் எங்களுக்கு 8 மாதமும், ஏமாந்து கொடுத்த 4,800 ரூபாயும், தேவையே இல்லாத மனஸ்தாபமும் வீணாயின.

அந்த 8 மாதத்தில் என் காதில் விழுந்த ஒரே ஆலோசனை, "ஒருக்களித்துப் படுங்கள், முதுகுவலிக்காரர்களுக்கு அதுதான் நல்லது" என்பது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் நான் முயன்றதால் 3 நாள் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். ஒருக்களித்த நிலைகளில் எது யாருக்கு ஒத்துவரும், தலையணையை எங்கே வைப்பது, என்னென்ன வாங்குவது, எந்த நேரத்தைத் தவிர்ப்பது, வாய்விட்டு எதைச் சொல்வது என்பவற்றை நாங்கள் கற்ற வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் அறுவை மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் கணக்கை முதலில் முடிக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகுதான் அவர்களுக்குப் பயன்படும்.

1. தாள்களை ஒரே கோப்பில் சேருங்கள்

பெரிய உறையில் இருக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைவிட அதனுடன் வரும் அறிக்கைதான் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். அதோடு மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் தங்கியிருந்தால் வெளிவரும்போது கொடுத்த சுருக்க அறிக்கை, பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் விடாதீர்கள்.

மாத்திரைப் பட்டியலை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நரம்புவலிக்காகக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், பிரிகாபலின் போன்றவையும், கடும் வலிக்குக் கொடுக்கப்படும் டிரமடாலும் சிலருக்கு ஆசையைக் குறைக்கும், விறைப்பைப் பாதிக்கும், உச்சநிலையைத் தாமதப்படுத்தும். எனக்கு 2 மாதம் ஆர்வமே இல்லாமல் போனதற்கு இரவில் சாப்பிட்ட ஒரு சிறிய மாத்திரையும் ஒரு காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படித் தெரிந்தாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இவற்றில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் உடல் முரண்டு பிடிக்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கும்.

இந்தக் கட்டத்திலேயே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போவது, மலம் தன்னையறியாமல் வெளியேறுவது, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவது, பிறப்புறுப்பில் தொடுஉணர்வு புதிதாகக் குறைவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுத்தண்டின் அடியில் கற்றையாக இறங்கும் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள் இவை. தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

2. குனிந்தால் வலியா, நிமிர்ந்தால் வலியா என்று கண்டறியுங்கள்

நிலைகளைத் தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் போல் தெரிந்துகொள்ளாமல் முயன்றால் படுக்கைதான் மிஞ்சும்.

குனிந்து செருப்பை மாட்டும்போதும், நெடுநேரம் உட்காரும்போதும், தும்மும்போதும் வலி கூடி, எழுந்து நடந்தால் குறைகிறதா? அப்படியானால் உங்கள் முதுகுக்கு வளைவது ஆகாது. ஜவ்வு விலகியவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. மாறாக, நின்றால், நடந்தால், பின்பக்கம் சாய்ந்தால் வலி கூடி, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ குறைகிறது என்றால் உங்கள் முதுகுக்கு நிமிர்வது ஆகாது. நரம்புப் பாதை குறுகிய வயதானவர்களிடமும், ஓர் எலும்பு மற்றதன்மீது முன்னோக்கி நழுவியவர்களிடமும் இதை அதிகம் காணலாம். இரண்டும் கலந்தவர்களும் உண்டு. உறுதியாகத் தெரியவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் ஒரே அமர்வில் சோதித்துச் சொல்லிவிடுவார்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடாலி சிடோர்கெவிச், ஸ்டூவர்ட் மெக்கில் ஆகிய இருவரும் 10 இணைகளைக் கொண்டு, உடலசைவைப் பதிவுசெய்யும் கருவிகளால் உறவின்போது முதுகெலும்பு எப்படி அசைகிறது என்று அளந்தார்கள். 2014இல் வெளியான முடிவு என் அனுபவத்தை அப்படியே சொன்னது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒருக்களித்துப் படுக்கும் நிலையை எல்லா முதுகுவலிக்காரர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பது சரியல்ல. வளைவது ஆகாத ஆணுக்கு அதில் முதுகு அதிகமாக வளைகிறது. ஆகவே அந்த வகையினர் ஒருக்களித்த நிலையைக் கைவிட வேண்டுமா என்றால், நான் கைவிடவில்லை; திருத்திக்கொண்டேன். அந்தத் திருத்தம் 7ஆம் படியில் இருக்கிறது.

3. மருத்துவரிடம் கேளுங்கள், லாட்ஜுக்குப் போகாதீர்கள்

கேள்வியை வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி, அறிக்கையின் மேல் வைத்து நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அவர் படித்துவிட்டு, "இதைக் கேட்க இவ்வளவு நாளா?" என்றார். கூட்டம் குறைந்த கடைசி டோக்கனாக வாங்கிக்கொண்டால் பேச நேரம் கிடைக்கும், முடிந்தால் இருவருமாகச் செல்லுங்கள். நான் எழுதியிருந்தவை இவைதான்: எப்போது தொடங்கலாம், என் முதுகு எந்தப் பக்கம் வளையக் கூடாது, என் மாத்திரைகளில் எது ஆசையைக் குறைக்கும், எந்த அளவு வலி வந்தால் திரும்ப வர வேண்டும்.

தொடங்குவதற்கு என் பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுகோல் எளிமையானது. சமதரையில் 20 நிமிடம் நடக்கவும், படுக்கையில் சுளீர் வலி இல்லாமல் இருபக்கமும் புரளவும் முடிய வேண்டும். அந்த இரண்டும் வந்த பிறகு தேதியை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

செலவு அவரவர் ஊரைப் பொறுத்தது. நான் சென்ற எலும்பு மருத்துவருக்கு 500 ரூபாயும், பிசியோதெரபி அமர்வு ஒன்றுக்கு 400 ரூபாயும் கொடுத்தேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் எலும்புப் பிரிவையும் பிசியோதெரபியையும் பணமில்லாமல் பெறலாம். ஒரு காலை நேரம் முழுவதும் அங்கே போய்விடும் என்று எண்ணிக்கொண்டு செல்லுங்கள். மனம் சார்ந்த தயக்கம் பெரிதாக இருந்தால் அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இதற்கு உதவும்.

4,800 ரூபாய் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் 2 நாள் லாட்ஜ் அறையில் முகாமிடும் ஒரு வைத்தியரைச் சுவரொட்டியில் பார்த்துச் சென்றேன். நாடி பிடித்துவிட்டு, ஜவ்வைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி 2 புட்டி லேகியத்தைக் கையில் கொடுத்தார். புட்டியில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இல்லை, ரசீதும் இல்லை. அறிக்கையைப் படிக்காமல் மருந்து கொடுப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

4. பேச்சைப் பகலில், வேறு வேலையோடு தொடங்குங்கள்

விளக்கை அணைத்த பிறகு தொடங்கும் பேச்சு ஒருவருக்குக் கோரிக்கையாகவும் மற்றவருக்குக் குற்றச்சாட்டாகவும் கேட்கும். நாங்கள் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. கண் எரிச்சலில் இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. அது உண்மையில் வசதியாக இருந்தது. அவள் ஏன் சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கிறாள் என்று கேட்டேன். "என் கை பட்டு உங்களுக்குத் திரும்பவும் பிடிச்சுக்குமோன்னு பயமா இருக்குங்க" என்றாள். 8 மாதமாக நான் அதை வெறுப்பு என்று எண்ணியிருந்தேன். அவளோ, நான் அவளைத் தொடாததற்கு அவள் பருத்துவிட்டதுதான் காரணம் என்று நினைத்திருந்தாள்.

அன்று பேசி முடிவு செய்தவற்றை நீங்களும் பேசிக்கொள்ளலாம். முதல் 2 வாரம் உறவு கிடையாது. பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, தொடுவதும் அணைப்பதும் மட்டுமே. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இல் விவரித்த சிகிச்சை முறையின் அடிப்படையும் இதுதான்: உறவில் முடியவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டுத் தொடுதலை மட்டும் மீண்டும் பழகுவது. அடுத்து, வேண்டாம் என்று யார் எந்த நொடியில் சொன்னாலும் அத்துடன் நிறுத்துவது, மறுநாள் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருப்பது. வலி முதுகுக்காரருக்கு என்பதால் முடிவும் அவருடையதே என்று ஆகிவிடக் கூடாது. வலியில்லாதவருக்கும் அன்று விருப்பமில்லாமல் இருக்கலாம்.

மூன்றாவதாக, சொற்கள். ஒருக்களித்த சில நிலைகளில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இருட்டில் முனகல் வலியாலா இன்பத்தாலா என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எனவே 3 சொற்களை வைத்துக்கொண்டோம்: "இப்படியே" என்றால் மாற்றாதே, "மெதுவாக" என்றால் வேகத்தைக் குறை, "போதும்" என்றால் நிறுத்து. கூடத்தில் என் அம்மா படுத்திருப்பார் என்பதால் கையால் சொல்லவும் வழி வைத்தோம். மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினால் நிறுத்து என்று பொருள். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இது மிகவும் உதவும்.

5. வாங்க வேண்டியவையும் வாங்கக் கூடாதவையும்

மொத்தம் 4 தலையணைகள் வேண்டும். தலைக்கு இரண்டு வீட்டிலேயே இருக்கும். முழங்கால்களுக்கு இடையில் வைக்கவும் முதுகுக்கு முட்டுக்கொடுக்கவும் மேலும் இரண்டு தேவை. இலவம்பஞ்சுத் தலையணையைக் கடைக்காரரிடம் சற்று இறுக்கமாக அடைத்துத் தரச் சொல்லுங்கள், தளர்வாக இருந்தால் கால் எடையில் நசுங்கி அப்பளமாகிவிடும். எனக்கு ஒன்று 300 ரூபாய் ஆனது. ஆள் நீளத்துக்கு விற்கப்படும் கர்ப்பிணிகளுக்கான தலையணை கட்டிலில் பாதியை அடைத்துக்கொள்ளும். எங்கள் அறைக்கு அது சரிவரவில்லை.

ஒரு குளியல் துண்டை உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மெத்தையைத் தொடாமல் ஓர் இடைவெளி விழும். அங்கே அந்தத் துண்டைச் செருகினால் முதுகெலும்பு பக்கவாட்டில் தொய்யாது. இதற்குச் செலவே இல்லை. எனக்கு மிகவும் பயன்பட்டதும் இதுதான்.

மெத்தை நடுவில் குழி விழுந்திருந்தால் இருவரும் குழிக்குள் உருண்டு சேர்வீர்கள், முதுகும் குழியோடு வளையும். எங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தையை அப்படித்தான் வைத்திருந்தோம். தரையில் படுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி ஒரு வாரம் பாயும் ஜமுக்காளமுமாகப் படுத்தோம். படுப்பதில் குறையில்லை, தரையிலிருந்து எழுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் மெத்தையைப் பிரித்துப் புதிதாகத் தைக்கக் கொடுத்தோம். அதற்கு வசதியில்லாதவர்கள் மெத்தைக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டுப் பார்க்கலாம்.

மெதுவான உறவில், வயது 40ஐத் தாண்டும்போது, பெண்ணுக்கு உலர்வு ஏற்படுவது சாதாரணம். நீர் சார்ந்த வழவழப்புக் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும். எனக்குச் சிறு குழாய் ஒன்று 200 ரூபாய்க்குள் கிடைத்தது. பெரும்பாலான வீடுகளில் கை நீள்வது தேங்காய் எண்ணெய்ப் புட்டியை நோக்கித்தான். ஆணுறை பயன்படுத்துவோர் அதைத் தொடவே கூடாது; எண்ணெய் எதுவாயினும் லேடெக்ஸ் ஆணுறையை நலிவாக்கும், அது கிழிய வாய்ப்பு உண்டு. வாசலினுக்கும் இதுவே பொருந்தும். ஆணுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

6. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள வீடுகளில் விடியற்காலைதான் தனிமை கிடைக்கும் நேரம். ஜவ்வு விலகியவர்களுக்கு அதுவே மோசமான நேரம். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் 1 செ.மீ. அளவுக்கு உயரமாக இருப்பதும் அதனால்தான். உப்பிய ஜவ்வு வளைவைத் தாங்காது. எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் குனிவதையும் வளைவதையும் தவிர்க்கும்படி முதுகுவலிக்காரர்களுக்குச் சொல்வது இதற்காகவே. விடியற்காலையை விட்டால் வழியில்லை என்றால் முன்னதாக எழுந்து அரை மணி நேரமாவது நடந்துவிட்டுப் படுக்கைக்குத் திரும்புங்கள்.

இரவில், நாள் முழுவதும் உட்கார்ந்து உழைத்த முதுகு களைத்திருக்கும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, வெந்நீர்க் குளியலோ 15 நிமிட வெந்நீர்ப் பை ஒத்தடமோ முடித்தபின் எங்களுக்கு வசதியாக இருந்தது. பையை வெறும் தோலில் வைக்காமல் துணி சுற்றி வையுங்கள். உறவுக்கென்றே வலி மாத்திரை போட்டுக்கொள்வதை நான் விரும்பவில்லை. மாத்திரை வலியை மறைத்துவிடுவதால், நிறுத்தவேண்டிய இடம் தெரியாமல் போய் மறுநாள் மொத்தமாகத் திரும்புகிறது. வழக்கமான இரவு வேளை மாத்திரையை அதன் நேரத்தில் சாப்பிட்டுவிட்டால் போதும்.

7. நிலைகள்

எல்லா நிலைக்கும் பொதுவான சில குறிப்புகளை முதலில் சொல்கிறேன். படுக்கும்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் சாய்ந்து, இரு கால்களையும் சேர்த்து மேலே தூக்குங்கள். எழும்போது அதையே தலைகீழாகச் செய்யுங்கள். புரள வேண்டுமானால் தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், மரக்கட்டை உருளுவதுபோல் திரும்ப வேண்டும்; இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக முறுக்கிக்கொள்ளக் கூடாது. அசைவு என்பது தொடை உடலோடு சேரும் மூட்டிலிருந்து வரவேண்டும், கீழ்முதுகிலிருந்து வரக் கூடாது. கூடுமானவரை வலியில்லாதவர் அசையட்டும், மற்றவர் அசையாமல் இருக்கட்டும். காலில் வலி இறங்குபவர்களில் பலருக்கு வலிக்கும் கால் மேல்பக்கம் இருந்தால் சுகமாக இருக்கும். இருபுறமும் படுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அ. ஒரே பக்கம் பார்த்து, ஒருவர் பின்னால் ஒருவர்

மனைவி முன்னாலும் கணவர் பின்னாலும், இருவரும் ஒரே திசையை நோக்கி ஒருக்களித்துப் படுப்பது இது. உடல் எடை யார் மேலும் விழாது. கர்ப்ப காலத்தில் வயிற்றின்மேல் பாரம் வராது என்பதால் மருத்துவர்கள் இதைச் சொல்வதும் உண்டு.

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். முன்னால் இருப்பவரின் உடலோடு மார்பு முதல் முழங்கால் வரை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று எண்ணினால், பின்னால் இருப்பவர் கால்களைச் சுருட்டி முதுகை வில்லாக வளைக்க நேரும். குனிந்தால் வலிக்கும் முதுகுக்கு அது தண்ணீர் கேன் தூக்குவதற்குச் சமம். ஒட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். முன்னால் இருப்பவர் மேலுடலைச் சற்று முன்னே சாய்த்து, இடுப்பை மட்டும் பின்னால் தள்ளட்டும். பின்னால் இருப்பவர் மார்பை விலக்கி முதுகை நேராக வைத்துக்கொள்ளட்டும். மேலிருந்து பார்த்தால் இரு உடல்களும் இடுப்பில் தொட்டுத் தோள்களில் விலகி, திறந்த கத்தரிக்கோல்போல் இருக்கும். பின்னால் இருப்பவரின் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உருட்டிய துண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. முன்னால் இருப்பவரின் முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. வேகத்தை முன்னால் இருப்பவர் தன் இடுப்பால் தீர்மானிக்க, பின்னால் இருப்பவர் கையை அவர் இடுப்பின்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கலாம். முதல் முறை இப்படிப் படுத்தபோது என் மனைவி, "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் முதுகு பிடிக்காதது எங்கள் இருவருக்கும் ஆறுதல்.

நிமிர்ந்தால் வலிப்பவர்களுக்கு இதே நிலையில் இலேசாக முழங்காலை மடக்கி வளைந்திருப்பதே இதமாக இருக்கும். அவர்களுக்கு மேற்சொன்ன திருத்தம் தேவையில்லை. பின்பக்கமாக வளையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மனைவிக்கு முதுகுவலி என்றால் நிலை அதேதான், அசைவு மட்டும் மாறும்: அவர் அசையாமல் இருக்க, ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் மேல்தோள் முன்னால் சரியாது, முதுகும் முறுக்கிக்கொள்ளாது.

ஆ. ஒருவரையொருவர் பார்த்து

பேசுவதற்கும், தொட்டுக்கொண்டு மட்டும் இருப்பதற்கும், முதல் 2 வாரப் பழக்கத்துக்கும் இதைவிட நல்ல நிலை இல்லை என்பது என் எண்ணம். முகத்தின் சுளிப்பு தெரியும், "வலிக்குதா?" என்று கேட்காமலே தெரியும். உறவுக்கும் ஏற்றதுதான், ஆனால் இருவரின் இடுப்பு உயரமும் பொருந்தவேண்டும். உயரம் கூடியவர் தலையணையை மேலே நகர்த்திக்கொண்டு ஏறிப் படுத்தால் இது சரியாகும். மற்றவர் முதுகை வளைத்துக் கீழே இறங்கக் கூடாது. மனைவி தன் மேல்காலைக் கணவரின் இடுப்பின்மேல் போட்டுக்கொண்டு, அந்த முழங்காலுக்குக் கணவரின் முதுகுப் பக்கமாக ஒரு தலையணையைத் தாங்கலாக வைத்தால், காலின் எடை கணவரின் முதுகை அழுத்தாது.

இதில் தொல்லை தருவது கீழே மாட்டிக்கொள்ளும் கை. 5 நிமிடத்தில் மரத்துப்போகும், அதை இழுக்கும் முயற்சியில் முதுகு முறுக்கிக்கொள்ளும். படுக்கும்போதே கீழ்த்தோளைச் சற்று முன்னே இழுத்துவிட்டு, கையைத் துணைவரின் கழுத்துக்கும் தலையணைக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் நீட்டிவிடுங்கள்.

இ. ஒருவர் மல்லாந்து, மற்றவர் ஒருக்களித்து

இருவருக்கும் ஏதோ ஒரு வலி இருக்கும் வீடுகளுக்கு இது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கினால் இதமாக இருக்கும் என்பவர் மல்லாந்து படுக்க, மற்றவர் அவருக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மல்லாந்தவரின் மடங்கிய கால்கள் மற்றவரின் இடுப்பைத் தாண்டி மறுபக்கம் ஒரு தலையணையின்மேல் ஓய்ந்திருக்கும். முகமும் தெரியும், இருவர் கைகளும் விடுபட்டிருக்கும். கட்டிலின் அகலம் 5 அடிக்குக் குறைந்தால் தலையோ காலோ வெளியே தொங்கும். அங்கே தரைப் படுக்கைதான் வழி. மல்லாந்து நெடுநேரம் படுப்பது கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஆகாது என்பதால் அந்த மாதங்களில் உள்ள கர்ப்பிணிகளுக்கு இந்த நிலை வேண்டாம்.

8. நடுவில் பிடித்துக்கொண்டால்

துள்ளி எழாதீர்கள். "போதும்" என்று சொல்லிவிட்டு இருக்கும் நிலையிலேயே மூச்சை மெதுவாக விடுங்கள். துணைவர் முதலில் விலகட்டும். பிறகு முழங்கால்களுக்கு இடையில் தலையணையோடு சில நிமிடம் ஒருக்களித்துக் கிடங்கள். குனிந்தால் வலிப்பவர்கள் கொஞ்சம் சுதாரித்ததும் எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்தால் தேவலை. நிமிர்ந்தால் வலிப்பவர்கள் முழங்கால்களை மடக்கி அதற்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து படுக்கலாம். இந்த நேரத்தில் துணைவர் முதுகை அமுக்கிவிடவோ சொடுக்கெடுக்கவோ முயலக் கூடாது. "நான்தான் காரணமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும், அன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள், காலைவரை தள்ளிப்போடாதீர்கள்.

9. மறுநாள் கணக்கு

எங்கள் வீட்டு நாட்காட்டியில், பால் கணக்குக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் எழுதி வந்தோம்: எந்த நிலை, மறுநாள் காலையில் வலி 10க்கு எத்தனை. அம்மா ஒருமுறை "இது என்னடா, கேஸ் சிலிண்டர் தேதியா?" என்று கேட்டார். 6 வாரத்தில் எது ஒத்துவருகிறது என்பது அந்தக் கிறுக்கல்களிலிருந்தே தெரிந்துவிட்டது. வழக்கமான வலியைவிட 2 புள்ளி கூடி, 24 மணி நேரத்துக்குள் தணிந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறைத்துக்கொள்வோம். அதற்குமேல் நீடித்தால் அந்த நிலையை ஒரு மாதம் தள்ளிவைப்போம். வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினாலோ, புதிதாக மரத்துப்போனாலோ, 1ஆம் படியில் சேர்த்துவைத்த கோப்போடும் அந்த நாட்காட்டித் தாளோடும் மருத்துவரைப் பாருங்கள்; எந்த நாளில் எந்த நிலை என்று தாளே சொல்லிவிடும் என்பதால், வாய்திறந்து விவரிக்க வேண்டியதில் பாதி அங்கே மிச்சமாகும்.